வார்ஃப் சுருக்கெழுத்து அல்ல

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு பேத்திக்குத் தினமும் ஓர் ஆங்கிலச் சொல் சொல்லித் தருகிறேன். கப்பலை ஒட்டி நிறுத்திச் சரக்கு இறக்கும் மேடையை வார்ஃப் என்கிறார்கள். 'வேர் ஹவுஸ் அட் ரிவர் ஃபிரன்ட்' என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தச் சொல் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, அவளுக்கும் சொன்னேன். வார்ஃப், டாக், ஜெட்டி மூன்றும் ஒன்றுதானா?

அன்புள்ள ஐயா,

பேத்தியோடு உட்கார்ந்து ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறீர்களே, படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததை அகராதியில் ஒருமுறை பார்க்காமல் குழந்தையிடம் எப்படிச் சொன்னீர்கள்?

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஹ்வெர்ஃப்'. கரை, மேடு கட்டிய கரை என்று பொருள். எழுத்தைக் கவனியுங்கள், அப்போது எச் முன்னால், டபிள்யூ பின்னால். வாட், வென், திமிங்கிலத்தைக் குறிக்கும் வேல் எல்லாமே அப்படித்தான் இருந்தன. பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஏடெழுதியவர்கள்தான் இரண்டையும் இடம் மாற்றினார்கள். எச் எழுத்தில் தொடங்கிய சொல்லுக்கு டபிள்யூவில் தொடங்கும் சுருக்கம் எப்படி மூலமாகும்? போதாததற்கு, வேர்ஹவுஸ் என்ற சொல்லே வார்ஃபுக்குப் பின்னால் வந்தது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வதும் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம்தான், ரேடார், லேசர் மாதிரி.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் சேர்ந்ததுதான் 'நியூஸ்' என்று ஆறாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் சொன்னார். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை, அட்டை கிழிந்த அகராதியை எடுத்து என் மடியில் வைத்து, மைக்கறை படிந்த விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். நியூ என்றால் புதியது, புதியவை நியூஸ். அவ்வளவுதான். நான்கு திசைக் கதை சுவையாக இருந்ததால் நம்பிவிட்டேன். உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

சரி, நீங்கள் கேட்டது. மூன்றும் ஒன்றல்ல. வார்ஃப் கரையோரமாகவே போகும், ஜெட்டி தண்ணீருக்குள் நீளும். பிரிட்டனில் டாக் என்றால் கப்பல் நிற்கும் நீர்ப்பரப்பு, அமெரிக்கர்கள் மேடையையே டாக் என்பார்கள்.

தாத்தா தவறாகச் சொல்லிவிட்டேன் என்று பேத்தியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். அப்புறம் அவள் நோட்டில் எச் எழுத்தை முதலில் போட்டு அந்தப் பழைய சொல்லை எழுதிக் காட்டுங்கள்.