குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் சொந்த ஊர்க் கடிதம் கட்டாயமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் ஒரு கடலோரக் கிராமம். கணவரின் வேலைக்காகத் தாம்பரம் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஐந்து மாதக் குழந்தைக்கு இங்கேயே ஞானஸ்நானம் கொடுக்க விரும்புகிறோம். இங்குள்ள பங்கு அலுவலகத்தில் ஊர்ப் பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிவரச் சொல்கிறார்கள். ஊரிலோ, நான்கு ஆண்டு ஊர் வரிப் பாக்கியைக் கட்டினால்தான் கடிதம் என்கிறார்கள். இதற்கிடையே ஒருவர், நாலாயிரம் ரூபாய் கொடுத்தால் கடிதத்தைத் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த நண்பரை ஞானத்தகப்பனாக வைக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: அந்த நாலாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு விளக்குகிறேன். முதலில், உங்களை அலைக்கழிக்கும் தவறான எண்ணம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன்.

உங்கள் பங்கு, அதாவது நீங்கள் சேர்ந்த கோயில் வட்டாரம், எது? பிறந்த ஊர்ப் பங்கு என்று நீங்களும் நினைக்கிறீர்கள், தாம்பரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் நினைக்கிறார். திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 102-ஆவது விதி இதைப் பேசுகிறது. ஓர் இடத்தில் மூன்று மாதம் குடியிருந்தாலே அந்தப் பங்கு உங்கள் பங்காகிவிடும், அங்குள்ள பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தையாகிவிடுவார். வாடகை வீடா சொந்த வீடா என்ற பேச்சே அதில் இல்லை. நீங்கள் ஒன்றரை ஆண்டாக அங்கே இருக்கிறீர்கள். குழந்தையின் ஞானஸ்நானத்தைப் பெற்றோரின் பங்குக் கோயிலில் கொடுப்பதே முறை. ஆகவே நீங்கள் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறீர்கள், சகோதரி.

அப்படியானால் கடிதம் எதற்கு? அலுவலகத்துக்கு உண்மையில் தெரிய வேண்டியவை இரண்டுதான்: குழந்தைக்கு வேறெங்கும் ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகவில்லை என்பது, அதைக் கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்ப்பீர்கள் என்பது. முதலாவதற்கு நீங்கள் இருவரும் எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி போதும். இரண்டாவதற்கு உங்கள் கோயில் திருமணச் சான்றிதழும், பங்குத்தந்தை உங்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதும் போதும். இதில் ஊர்ப் பங்குத்தந்தை புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சந்தேகம் இருந்தால் இங்குள்ள பங்குத்தந்தை அங்குள்ள பங்குத்தந்தையைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலைக்குக் கைக்குழந்தைக்காரியை 600 கிலோமீட்டர் அலையவிடுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. ஊர்ப்பக்கம் பழகிப்போன ஒரு நடைமுறை, நகரத்துப் பங்குகளில் சட்டம்போல உட்கார்ந்துவிட்டது.

உங்களிடம் கேட்கவும் எனக்கு ஒன்று இருக்கிறது. இத்தனை நாளாக ஞாயிறு திருப்பலிக்குப் போய்வருகிறீர்கள், பங்கில் குடும்பத்தைப் பதிவு செய்தீர்களா? உங்கள் தெரு எந்த அன்பியத்தில், அதாவது பங்கின் எந்தச் சிறு குடும்பக் குழுவில், வருகிறது என்று தெரியுமா? புறநகர்ப் பங்குகளில் ஞாயிற்றுக்கிழமை நூற்றுக்கணக்கான முகங்கள் வந்துபோகின்றன. பெயர் பதியாத குடும்பத்தைப் பங்குத்தந்தைக்கு எப்படித் தெரியும்? இந்த வாரமே பதிவு செய்யுங்கள், அன்பியக் கூட்டத்துக்குப் போங்கள். கடிதம் கேட்கும் குரல் பாதிக்கு மேல் அங்கேயே அடங்கிவிடும்.

இனி வரிப் பாக்கி. கடலோர ஊர்களில் கோயிலும் ஊரும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன. திருவிழா, சப்பரம், கோயில் பழுதுபார்ப்பு என்று எல்லாவற்றுக்கும் ஊர்க் கமிட்டி தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கிறது. அந்த வரியில்தான் பல கோயில்கள் இன்றும் நிற்கின்றன. ஊரை விட்டுப் போனவர்கள் பல ஆண்டுகள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, காகிதம் வேண்டும் என்றால் மட்டும் வந்து நிற்பது ஊர்க்காரர்களுக்கு வருத்தமாக இருப்பதும் நியாயமே. முடிந்தபோது பாக்கியைக் கட்டுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது ஊருக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. அதை வசூலிக்க ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. தகுந்த முறையில், தகுந்த மனநிலையோடு அருட்சாதனம் (ஞானஸ்நானம், திருமணம் போன்ற திருச்சடங்கு) கேட்டு வருபவருக்குச் சட்டத் தடை இல்லாதபோது மறுக்கக் கூடாது என்கிறது 843-ஆவது விதி. குறிக்கப்பட்ட காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது, ஏழ்மையால் ஒருவரும் அருட்சாதனத்தை இழக்கக் கூடாது என்கிறது 848. திருச்சபை சுங்கச் சாவடி அல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதினார். அருட்சாதனங்களின் கதவை ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி மூடக் கூடாது, முதல் கதவான ஞானஸ்நானத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்றும் சேர்த்துச் சொன்னார். அதைப் பிரசங்கத்தில் மேற்கோள் காட்டுகிறோம். அலுவலக மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கடிதம் வேறு, சான்றிதழ் வேறு. உங்கள் திருமணச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் ஊர்ப் பங்கில் அதன் நகலைக் கேளுங்கள். அது பதிவேட்டில் உள்ளதை அப்படியே எடுத்தெழுதித் தருவது. தன்னைப் பற்றிய பதிவின் நகல் ஒருவருக்கு உரியது. வரி ரசீதைக் காட்டிப் பெற வேண்டிய சலுகை அல்ல.

இப்போது அந்த நாலாயிரம் ரூபாய் மனிதர். இப்படிப்பட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய கடிதம் ஒன்றின் தலைப்பை நகலெடுத்து, ரப்பர் முத்திரை ஒன்றைச் செய்து, புரியாத கையெழுத்தைக் கிறுக்கித் தருகிறார்கள். பார்த்தால் அசல் போலவே இருக்கும். ஆனால் திருச்சபையில் மதிப்புள்ளது காகிதம் அல்ல, பதிவேடு. திருமணங்களையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பங்குக் குரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் ஆணையிட்டதிலிருந்து இந்த முறை தொடர்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால் ஒரு வரிசையில் எண், தேதி, குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், ஞானஸ்நானம் கொடுத்த குரு என்று ஓடும். ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து உறுதிபூசுதல் என்ற அடுத்த அருட்சாதனத்தைப் பெற்றால் அந்த ஓரத்தில் ஏறும். எந்த ஊரில் திருமணம் செய்தாலும் அங்கிருந்து தகவல் வந்து அதே ஓரத்தில் ஏறும். திருமணத்தின்போது புதிதாக எடுத்த நகலைக் கேட்பது இந்த ஓரக் குறிப்பைப் பார்க்கத்தான்.

போலிக் காகிதத்தின் பின்னால் இப்படி ஒரு வரி எங்கும் இருக்காது. இன்று அதைக் கொடுத்து வேலை முடிந்துவிடும். இருபத்தைந்து ஆண்டு கழித்து, மண்டபம் பேசி, கோயிலில் திருமண அறிவிப்பான மூன்று ஓலையும் வாசிக்க வேண்டிய நேரத்தில் யாராவது ஒரு குரு ஒத்துப்பார்ப்பார். அப்போது சிக்கித் தவிப்பது உங்கள் பிள்ளை. காகிதத்தைத் தந்தவர் எங்கே இருப்பாரோ! திருச்சபை ஆவணத்தைப் போலியாகச் செய்வதும், போலி என்று தெரிந்தே பயன்படுத்துவதும் திருச்சபைச் சட்டத்தில் குற்றம். திருத்தலங்களில் கடிதம் இல்லாமலே ஞானஸ்நானம் முடித்துத் தருகிறேன் என்று வேன் ஏற்பாட்டோடு பேசுகிறவர்களையும் நம்பாதீர்கள். திருத்தலத்திலும் பொதுவாக முதலில் கேட்பது நீங்கள் குடியிருக்கும் பங்கின் கடிதத்தைத்தான்.

சி.எஸ்.ஐ. நண்பரைப் பற்றி: அவர் சாட்சியாக நிற்கலாம், ஞானத்தகப்பனாக முடியாது. கூடவே ஒரு கத்தோலிக்கர் ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ இருந்தாக வேண்டும். அவருக்குப் பதினாறு வயது நிரம்பி, நற்கருணையும் உறுதிபூசுதலும் ஆகியிருக்க வேண்டும். ஒருவரே போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இதை மறைக்கிறார்கள். குழந்தை பிறந்தபோது இன்குபேட்டரில் இருந்ததா? உயிருக்குப் பயந்து பாட்டியோ நர்ஸோ தலையில் தண்ணீர் ஊற்றினார்களா? அப்படி நடந்திருந்தால் உடனே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், இந்து நர்ஸ் கொடுத்தாலும் செல்லும். தலையில் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், திருச்சபை செய்வதையே செய்யும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ‘நான்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020-இல் வத்திக்கான் தெளிவாக்கியது. ஆகவே என்ன சொன்னார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை மறக்குமுன் எழுதிவையுங்கள். முறைப்படி நடந்திருந்தால் அது முழுமையான ஞானஸ்நானம். மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது. கோயிலில் தைலம் பூசுதல், வெள்ளை ஆடை, எரியும் திரி ஆகிய சடங்குகளை நிறைவு செய்வார்கள். பதிவேட்டில் மருத்துவமனைத் தேதி ஏறும். சொன்னால் விருந்து நடக்காதோ என்று பயந்து குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. விருந்தை யாரும் தடுக்கப் போவதில்லை. இரண்டாம் முறை கொடுப்பதுதான் தவறு.

அடுத்து செய்ய வேண்டியது: அலுவலக நேரத்தில் போகாமல், நேரம் கேட்டுப் பங்குத்தந்தையை நேரில் பாருங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் பதியச் சொல்லும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும், பிறகு திருத்துவது பெரும்பாடு. அப்போதும் மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பகுதி செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயர் இல்லத்துக்கு, ஆயருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் முதன்மைகுருவின் பெயருக்கு, ஒரே பக்கத்தில், கோபச் சொல் இல்லாமல், குடியேறிய தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை ஞானஸ்நான வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள், நீங்களும் கணவரும் சேர்ந்தே போய்விட்டு வாருங்கள்.