அது சத்து மாத்திரை இல்லை, அம்மா!

கேள்வி: எனக்கு 61 வயது. கும்பகோணம் பக்கத்தில் கிராமம். நான்கு வருடமாக பாலிசைத்தீமியா வேரா. இரத்தத்தில் சிவப்பணு அளவுக்கு மேல் கூடி, இரத்தம் கெட்டியாகிற நோய் என்றார் டாக்டர். மாதாமாதம் சிபிசி என்கிற இரத்த அணு டெஸ்ட். ஹீமடோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்கிற எண், ஒரு மாதம் 44, அடுத்த மாதம் 46.2, போன மாதம் 45. ரிப்போர்ட் கைக்கு வரும்வரை தூக்கமில்லை. எல்லா எண்ணையும் நோட்டில் எழுதி சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சின்னவளுக்கு மாயவரத்தில் வரன் பேசிக்கொண்டிருக்கிறோம், புற்றுநோய் வகை என்ற பேச்சு வெளியே போனால் அவ்வளவுதான். தினம் ஹைட்ராக்ஸியூரியா கேப்சூல். சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழுசாக விழுங்க வராததால் மருமகள்தான் பிரித்துப் பொடியைத் தேனில் குழைத்துத் தருவாள். தங்கமான பெண், ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். இந்த எண் பயத்திலிருந்து எப்படி வெளியே வருவது?

பதில்: முதலில் எழுந்துபோய் அந்த மாத்திரை டப்பாவை மருமகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

வைத்தாயிற்றா? சரி.

எண்களைப் பற்றி இத்தனை வரி எழுதிய நீங்கள், தேன் விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிக்கு மேல் கண் நகரவில்லை. ஹைட்ராக்ஸியூரியா எலும்பு மஜ்ஜையில் செல்கள் பெருகுவதை அடக்குகிற மருந்து. உங்களுக்கு அது வேண்டும். ஆனால் வயிற்றில் வளர்கிற பிள்ளை என்பதே செல்கள் பெருகுவதுதானே! அதனால்தான் இந்தக் கேப்சூலைப் பிரிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, கர்ப்பிணிகள் கையாளவே கூடாது என்கிறார்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்துக் கொடுப்பதென்றால்கூட கையுறை போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

உங்கள் வீட்டில் நடப்பது என்ன? அந்தப் பெண் வெறுங்கையால் கேப்சூலைத் திருகித் திறக்கிறாள். பொடி கொஞ்சம் கரண்டியில் விழுகிறது, கொஞ்சம் நகக்கண்ணில் ஒட்டுகிறது. தேனில் குழைக்கிறாள். விரலில் ஒட்டிய தேனை யாராவது குழாயடிக்குப் போய்க் கழுவுகிறார்களா? வாயில்தான் வைத்துக்கொள்வோம். அதுவும் சத்து மாத்திரையாயிற்றே, அவள் ஏன் பயப்படப் போகிறாள்? டாக்டர் தந்த இரும்புச் சத்து மாத்திரை ஒரு நாள் தீர்ந்துபோனால், ‘அத்தைகிட்டதான் இருக்கே’ என்று ஒன்றை எடுத்து விழுங்கமாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பெயர் வைத்தது நீங்கள்தானே.

‘வீட்டில் சொல்லவில்லை’ என்று எத்தனையோ கடிதங்கள் எனக்கு வருகின்றன. எழுதுகிற எல்லோருக்கும் அது ஒரு தியாகம் என்று நினைப்பு. பாரத்தைத் தான் ஒருத்தியே சுமக்கிறோமாம். இல்லை அம்மா. உங்கள் பாரத்தை மன்னார்குடியிலோ திருவாரூரிலோ பெற்று வளர்த்து உங்கள் வீட்டுக்கு அனுப்பிய ஒரு பெண்ணின் கையில், அவளுக்கே தெரியாமல் தினமும் வைக்கிறீர்கள். மகள் கல்யாணத்துக்காக மருமகளின் பிள்ளையைப் பணயம் வைக்க எந்த மாமியாருக்கும் உரிமை கிடையாது. நான் பழைய காலத்து ஆள். வீட்டுக்கு வந்த பெண்ணைப் பெற்ற பெண்ணுக்கு ஒரு படி மேலே வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

அந்த வரன் பயத்துக்கு வருவோம். இந்த நோய் உள்ளவர்களில் 100க்கு 95 பேருக்கு ஜாக்-2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. 2005இல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் அது பிறவியில் வருவதில்லை. வளர்ந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் நேர்கிற மாற்றம். தாயிடமிருந்து மகளுக்குச் சொத்துபோல இறங்குகிற சங்கதி இல்லை. இதை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான்கு வருடம் ஒளித்திருக்க வேண்டாம். மெதுவாகப் போகிற புற்றுநோய் வகையில் இதைச் சேர்த்திருப்பது உண்மைதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்துபோகிற மாயவரத்துக்காரர்கள் போகட்டும். நாளைக்கு உங்கள் மகள் காய்ச்சலில் படுத்தாலும் அவர்கள் அப்படித்தான் எழுந்துபோவார்கள்.

நீங்கள் கேட்ட கேள்வி மட்டும் பாக்கி. 46.2 கண்டு பயப்பட்டது நியாயம்தான். 2013இல் இத்தாலியில் 365 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஹீமடோக்ரிட்டை 45க்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட, 45க்கும் 50க்கும் நடுவில் விட்டவர்களுக்கு இரத்தக் கட்டும், இதய–இரத்தக்குழாய்ச் சாவுகளும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 45க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சும்மா சொல்கிற கணக்கில்லை. சரி, 46.2 வந்த மாதம் என்ன செய்தீர்கள்? டாக்டரிடம் காட்டினீர்களா, நோட்டில் எழுதிக் கற்பூரம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். ஊசி போட்டு ஒரு பை இரத்தம் எடுத்துவிடுவதா, மருந்தளவை மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். வெள்ளையணுவும் தட்டணுவும் இந்த மருந்தால் இறங்கும் என்பதால் அந்த இரண்டு வரியையும் அவர்தான் பார்க்க வேண்டும். டெஸ்ட்டை ஒரே லேபில் எடுங்கள். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் இருந்தால் விட்டுவிடுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த எண் தானாக ஏறும். நம் ஊரில் ‘இரத்தமில்லை’ என்று சொல்லித்தான் பெண்களுக்குப் பழக்கம், அதனால் யாராவது உங்களுக்கு இரும்பு டானிக் வாங்கித் தந்தால் டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு நாள் வாய் கோணிக்கொண்டு, கை விளங்காமல் நீங்கள் விழுந்தால் 108 வரும், தஞ்சாவூர் மெடிக்கலுக்கோ வேறெங்கோ தூக்கிப்போவார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்பார். உங்கள் மகன் சொல்வான்: “சத்து மாத்திரைதான் சார்.”

இன்றைக்கே சொல்லுங்கள். மகனிடம் சொல்லி அவன் மூலமாக அவள் காதுக்குப் போகிற வேலை வேண்டாம். மருமகளை உட்காரவைத்து முதலில் அவளிடம், நீங்களே. நாளைக்கே அவளைப் பார்க்கிற பிரசவ டாக்டரிடம் கூடவே போங்கள். கேப்சூலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்; எத்தனை நாளாக அவள் கையால் பிரித்தாள் என்பதை ஒளிக்காமல் உங்கள் வாயால் சொல்லுங்கள். பிள்ளைக்கு என்ன பார்க்க வேண்டும் என்று அவர் சொல்வார். அப்படியே உங்கள் டாக்டரிடமும் போய், விழுங்க முடியவில்லை என்று சொல்லி வேறு வழி கேளுங்கள். அந்தத் தேன் கிண்ணத்தையும் கரண்டியையும் இன்றைக்கு நீங்கள் கழுவுங்கள், அவளிடம் போடாதீர்கள்.

அவள் அழலாம். அம்மா வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். பத்து நாள் உங்களோடு பேசாமலும் இருக்கலாம். குறுக்கே ஒரு வார்த்தை பேசாதீர்கள்.