30% கண்ணாடி இழை போட்டும் பிபி (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) வலுவாகவில்லை என்றால்

இழையைக் கூட்டாதீர்கள். மலெயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரொப்பிலீனை (இணைப்பான்) 2% சேர்த்து ஓட்டுங்கள், இழுவலிமை ஏறும்.

வெறும் பிபி கண்ணாடியைப் பிடிக்காது. இந்த இணைப்பான் ஒருபுறம் இழைமேலுள்ள அமினோ சிலேன் பூச்சோடு பிணைகிறது, மறுபுறம் பிபி சங்கிலிகளோடு பின்னிக்கொள்கிறது.

ஆனால் சேர்க்கும் முன், உடைந்த துண்டை நுண்ணோக்கியில் பாருங்கள். இழைகள் மொட்டையாக, பளபளவென்று நீட்டிக்கொண்டு, பக்கத்தில் வெறும் குழிகள் தெரிந்தால் ஒட்டவே இல்லை. பிசின் படிந்து குட்டையாக முறிந்திருந்தால் கோளாறு வேறு. அப்போது துண்டைச் சூளையில் எரித்து, மிஞ்சும் இழையின் நீளத்தை அளங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் திருகில் நொறுங்கியிருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: பாலியெஸ்டருக்கான பூச்சுள்ள இழை என்றால் இணைப்பான் முழுப்பலன் தராது. இணைப்பான் அளவை மிஞ்சினாலும், அதன் குட்டைச் சங்கிலிகளே வலிமையைக் குறைத்துவிடும்.