செப்சிஸ்: முதல் ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி, உறுப்புகளே பழுதாகும் ஆபத்தான நிலை) சந்தேகம் வந்ததுமே டியூட்டி டாக்டருக்குச் சொல்லிவிடுகிறோம். அப்படியும் முதல் ஆன்டிபயாடிக் ஏற இரண்டரை மணி நேரம் ஆகிறது. எங்கே நேரம் போகிறது? (வார்டு செவிலியர்)

பதில்: யாரும் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் முடிக்கட்டும் என்று அடுத்தவர் காத்திருந்திருப்பீர்கள், அங்கேதான் நேரம் போகிறது. டாக்டர் எழுதிய பிறகு ரத்தம் எடுக்க ஆள், அது முடிந்து மருந்துச் சீட்டு, பிறகு மருந்தகத்தில் வரிசை. இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒரு செவிலியர் கேனுலா (நரம்பில் செருகும் சிறு குழாய்) போட்டு ரத்தம் எடுக்கட்டும். அதற்குள் இன்னொருவர் மருந்தைக் கலந்து வைக்கட்டும். உதவியாளர் மாதிரியைக் கையோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோகட்டும். டாக்டர் தொற்று எங்கே என்று தேடட்டும்: நுரையீரலா, சிறுநீரா, வயிறா, புண்ணா, பழைய கேனுலாவா?

“யாராவது சலைன் போடுங்க” என்றால் யாரும் போட மாட்டார்கள். பெயர் சொல்லிக் கொடுங்கள். செய்தவர், “முதல் டோஸ் 10.20க்குப் போட்டாச்சு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை ஒன்று: கேஸ் ஷீட்டில் “தினம் 2 வேளை” என்று மட்டும் எழுதினால், மருந்து அடுத்த வழக்கமான வேளைக்குத் தள்ளிப்போகும். “ஸ்டாட்” (உடனே) என்று எழுதி, வாயாலும் சொல்ல வேண்டும். முதல் டோஸ் மருந்துகள் வார்டு அலமாரியிலேயே இருந்தால் மருந்தக வரிசையும் மிச்சம்.

ரத்த அழுத்தம் சரிந்த ஷாக் நிலையிலும், செப்சிஸ் என்பது ஏறக்குறைய உறுதியான போதும் 1 மணி நேரம்தான் கெடு. ஷாக் இல்லை, வெறும் சந்தேகம் என்றால் விரைந்து சோதித்து முடிவெடுக்க 3 மணி நேரம் வரை உண்டு. எல்லாக் காய்ச்சலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடச் சொல்லவில்லை.

கேள்வி: போனில் சொன்னால் “பார்க்கலாம்” என்கிறார்கள். எப்படிச் சொன்னால் வருவார்கள்?

பதில்: “பேஷன்ட் சரியில்லை” என்பதற்கு அப்படித்தான் பதில் வரும். எண்ணைச் சொல்லுங்கள்: “மூச்சு நிமிடத்துக்கு 28, பி.பி. 88/50, காலையில் நன்றாகப் பேசியவர் இப்போது குழறுகிறார், 2 மணி நேரத்தில் சிறுநீர் 30 மில்லி. செப்சிஸ் என்று நினைக்கிறேன், 10 நிமிடத்துக்குள் வந்து பாருங்கள்.” 88/50 என்றால் சராசரி அழுத்தம் 63, காக்க வேண்டிய 65-க்குக் கீழே.

மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். வார்டில் எல்லோருக்கும் 20 என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று பொருள்! முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் செப்சிஸ் வரும். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு ஏறாமலும் இருக்கலாம்.

கேள்வி: பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கும்வரை ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: முதலில் கல்ச்சர் என்பது சரி, ஆனால் அதற்காக முக்கால் மணி நேரத்துக்கு மேல் மருந்து காத்திருக்கக் கூடாது. இரண்டு இடங்களில் குத்தி இரண்டு செட், பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. 3 மில்லி விட்டால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். தோலில் தடவிய மருந்து காயும்முன் குத்தினால் தோல் கிருமி உள்ளே போய் ஊரையே குழப்பும்.

லாக்டேட் (திசுக்கள் திணறும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) மாதிரி மேசையில் கிடந்தால் ரத்த அணுக்களே லாக்டேட்டை உண்டாக்கி அளவைக் கூட்டிவிடும். லிட்டருக்கு 4 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் வந்தால் ஆய்வகத்தார் கணினியில் ஏற்றியதோடு நிற்காமல் போன் செய்ய வேண்டும்.

கேள்வி: ஒரே ஒரு நரம்புதான் கிடைத்தது. எதை முதலில் ஏற்றுவது?

பதில்: செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் போன்ற ஆன்டிபயாடிக்குகளைச் சுமார் 5 நிமிடத்தில் நேரடியாகச் செலுத்தலாம். இன்னொரு ஆன்டிபயாடிக்கான வான்கோமைசின் 1 கிராமுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். அதை முதலில் தொடங்கினால் மற்றதெல்லாம் நிற்கும். செஃப்ட்ரியாக்சோனும் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் திரவமும் ஒன்றாகப் போகக் கூடாது. இடையில் சலைனால் குழாயைக் கழுவுங்கள். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் முதல் டோஸைக் குறைப்பதில்லை.

பி.பி. சரிந்தவருக்குக் கிலோவுக்கு 30 மில்லி, அதாவது 60 கிலோ எடைக்கு 1,800 மில்லி திரவம் முதல் 3 மணி நேரத்துக்குள். 500 மில்லிக்கு ஒருமுறை, நீர் தேங்குகிறதா என்று நுரையீரலைக் கேளுங்கள். அழுத்தம் ஏறவில்லையா? சென்ட்ரல் லைனுக்காக (கழுத்து போன்ற இடத்தில் பெரிய நரம்பில் போடும் குழாய்) காத்திராமல், முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நரம்பிலேயே, அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினைத் தொடங்கலாம்.

கேள்வி: ஐ.சி.யு.வுக்கு அனுப்பியதும் வார்டின் வேலை முடிந்ததா?

பதில்: இரண்டாவது டோஸ் தவறுவது இங்கேதான். 6 மணிக்கொரு முறை தரும் மருந்தைப் பகல் 2-க்குப் போட்டிருப்பீர்கள். அங்கே அட்டவணை 6, 12 என்றிருக்கும். நள்ளிரவில்தான் அடுத்தது என்று யாராவது குறித்தால் 10 மணி நேர இடைவெளி. போட்ட நேரம், அடுத்த டோஸ் நேரம், ஏற்றிய திரவம், மறு லாக்டேட் எப்போது என்பதை எழுதியும் சொல்லியும் ஒப்படையுங்கள். கல்ச்சர் படிவத்தில் போன் எண்ணையும் மாற்றுங்கள். இல்லையென்றால் கிருமி வளர்ந்த தகவல் உங்கள் வார்டின் காலிப் படுக்கைக்குத்தான் வரும்.