அடிலெய்டு: வீடு தேடும் முன் ஊரின் வரைபடத்தைப் படியுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டவை இரண்டு. ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய நகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்யத் தரும் தற்காலிக விசாவான 491-இல் குடும்பத்தோடு அடிலெய்டு வருகிறீர்கள், உங்களுக்கு மென்பொருள் வேலை, மனைவி நர்ஸ், எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்பது ஒன்று. "அது தூங்குமூஞ்சி ஊர், பேசாமல் சிட்னிக்குப் போ" என்று நண்பர்கள் சொல்வது சரியா என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். 491-இல் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் உங்களுக்கு இப்போதைக்குக் கிடையாது. அடிலெய்டு தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் தலைநகர், சுமார் 14 லட்சம் பேர் வாழும் ஊர். ஆனாலும் 2019 நவம்பர் முதல் குடிவரவுத் துறையின் கணக்கில் அது பிராந்தியப் பகுதிதான், அதாவது 491-இல் வாழத் தகுந்த இடம். இந்த விசாவில் மூன்று ஆண்டுகளாவது இருந்து, ஆண்டுதோறும் வரித் துறை அனுப்பும் மதிப்பீட்டு நோட்டீஸ்களைப் பத்திரமாக எடுத்துவைத்தால்தான் நிரந்தர விசாவான 191-க்கு வழி. சிட்னிக்கு மாறினால் நிபந்தனை மீறல்.

இப்போது ஊருக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மற்ற பழைய தலைநகர்கள் பலவற்றில் கைதிகளின் உழைப்பு உண்டு. இங்கே பிரிட்டன் கைதிகளை இறக்கவில்லை. நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் உழைப்பாளிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் திட்டத்தில் 1836-இல் பிறந்த குடியேற்றம் இது. இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான கௌர்னா மக்களின் நிலத்தை அவர்களைக் கேட்காமலே அளந்து விற்றார்கள் என்பதும் அதே கதையின் பாகம். அளந்தவர் கர்னல் வில்லியம் லைட். பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் மகன் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். துறைமுகத்தை ஒட்டி ஊர் வேண்டும் என்றார் ஆளுநர் ஹிண்ட்மார்ஷ். லைட் கேட்கவில்லை, நல்ல தண்ணீர் கிடைக்கும் டாரன்ஸ் ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்து, 1837-இல் சதுரம் சதுரமாகத் தெருக்களைப் போட்டு, சுற்றிலும் பூங்கா நிலத்தை விட்டார். அந்தப் பச்சை வளையம் இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

தெருக்களில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஓடும் கிங் வில்லியம் தெருவைக் கடந்ததும், குறுக்குத் தெருவின் பெயர் மாறிவிடும். கிழக்கே ரண்டில், மேற்கே ஹிண்ட்லி. கிழக்கே கிரென்ஃபெல், மேற்கே கரி. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது தெருப் பெயர் திடீரென்று வேறாக இருந்தால் வழி தவறிவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

கிழக்கே மலை, மேற்கே கடல். அதனால் ஊர் வடக்கும் தெற்குமாக நீண்டுபோனது: கௌலரில் தொடங்கி செல்லிக்ஸ் கடற்கரை வரை 80 கிலோமீட்டருக்கு மேல். "அடிலெய்டில் எங்கே போனாலும் இருபது நிமிடம்" என்பார்கள். நடுப்பகுதியில் இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். வடகோடியில் வீடு, தென்கோடியில் வேலை என்று அமைந்தால் தினமும் ஊர் முழுவதையும் கடக்க வேண்டியிருக்கும்.

ஆகவே மனைவிக்கு எந்த மருத்துவமனை என்று தெரிந்தபிறகு வீடு பாருங்கள். வடக்கே எலிசபெத் பக்கம் உள்ள லயல் மக்யூவின் என்றால் மாசன் லேக்ஸ், சாலிஸ்பரி சரியாக வரும். கௌலர் ரயில் இரண்டு இடத்திலும் நிற்கும். தெற்கே ஃபிளிண்டர்ஸ் என்றால் மேரியன், ஓக்லண்ட்ஸ் பார்க். 2020 முதல் ரயில் மருத்துவமனை வாசல் வரை போகிறது, விநாயகர் கோயிலும் ஓக்லண்ட்ஸ் பார்க்கிலேயே இருக்கிறது. ராயல் அடிலெய்டு நகரத்துக்குள், நார்த் டெரஸில் இருப்பதால் எந்தத் திசையிலிருந்தும் வரலாம். வடகிழக்கு என்றால் மாட்பரி வரை ஓ-பான் உண்டு: தனித் தடத்தில் 12 கிலோமீட்டர் ஓடும் பஸ், நெரிசலில் மாட்டாது. ஷிஃப்ட் வேலைக்கு ஒன்றைக் கவனியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பொதுப் போக்குவரத்து குறைவு. ஒரு காராவது தேவைப்படும்.

வடக்கில் வாடகை ஏன் குறைவு என்று கேட்பீர்கள். 1938 முதல் 1965 வரை மாநிலத்தின் பிரிமியராக, அதாவது முதலமைச்சராக இருந்த தாமஸ் பிளேஃபோர்டு தொழிற்சாலைகளை இழுத்துவந்து, தொழிலாளர்களுக்காக 1955-இல் எலிசபெத் நகரைத் தொடங்கினார். அங்கிருந்த ஹோல்டன் கார் ஆலை 2017 அக்டோபரில் மூடப்பட்டது. அந்த அடியின் தழும்பு இன்னும் இருக்கிறது. கிழக்கே பர்ன்சைடு, நார்வுட் பழைய பணக்காரப் பகுதிகள். அங்கே, குறிப்பாக கிளெனங்கா உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள், பள்ளிக்காகவே கூடுதல் வாடகை கொடுக்கிறார்கள். பிள்ளை இன்னும் சிறியது என்றால் அந்தப் பணம் வீண்.

உங்கள் வேலை விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. இங்கே மென்பொருள் வேலைகளில் கணிசமான பங்கு பாதுகாப்புத் துறை சார்ந்தது: ஆஸ்பர்னில் போர்க்கப்பல் கட்டுமானம், எடின்பரோவில் விமானப்படைத் தளம். அதற்கான பாதுகாப்பு அனுமதி பொதுவாக ஆஸ்திரேலியக் குடிமக்களுக்குத்தான். விளம்பரத்தின் கடைசி வரியில் அது இருக்கும், முதலில் அதைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். மாநில அரசு, சுகாதாரத் துறை, பல்கலைக்கழகங்கள், மின்சார, குடிநீர் நிறுவனங்கள் ஆகியவற்றைக் குறிவையுங்கள். சின்ன ஊர், ஒரு துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒப்பந்த வேலையை பாதியில் விட்டுப் போனால் அடுத்த நேர்முகத்துக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நல்ல பெயரும் அதே வேகத்தில் பரவும்.

வீட்டுக்குள் போகும்போது சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். பழைய கல் வீடுகளில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். பல பகுதிகளில் களிமண் நிலம்; கோடையில் சுருங்கி மழையில் உப்புவதால் கதவுக்கு மேல் விரிசல் விடும். குடியேறும் நாளில் இவற்றைப் படமெடுத்து, ஆய்வுத் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் காலி செய்யும்போது உங்கள் தலையில் விழும். முன்பணம், வார வாடகை 800 டாலர் வரை என்றால் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. விளம்பரத்தில் சொன்னதைவிடக் கூட்டித் தரச் சொல்லி ஏஜென்ட் கேட்பதும் சட்டப்படி தவறு. இந்தியாவிலிருந்தபடியே வீடு பிடிக்க முயல வேண்டாம்; நேரில் பார்க்காதவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது, மோசடியும் அதில்தான் நடக்கும். மூன்று நான்கு வாரத்துக்குத் தற்காலிக இடம் எடுத்து வாருங்கள்.

குளிர்சாதனம் எந்த வகை என்றும் கேளுங்கள். 2019 ஜனவரி 24 அன்று இங்கே 46.6 டிகிரி. ஆனால் சென்னைப் புழுக்கம் கிடையாது, வறண்ட வெயில். அதனால் பல வீடுகளில் நீர் ஆவியாகிக் குளிர்விக்கும் கருவிதான். அதைப் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும். நம்மவர்கள் ஏசி என்று நினைத்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, வீடு ஈரமாகிக் கசகசக்கிறது என்பார்கள். ஜூலையில் இதற்கு நேரெதிர்: வெளியே 8 டிகிரி என்றால் பழைய வீட்டுக்குள்ளும் அதைவிடப் பெரிதாக வித்தியாசம் இருக்காது.

தூங்குமூஞ்சி என்ற பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சனி, ஞாயிறு மாலை 5 மணிக்கே மூடிவிடும். அதே ஊர்தான் 1894-இல் பெண்களுக்கு ஓட்டுரிமையோடு தேர்தலில் நிற்கும் உரிமையையும் கொடுத்தது. பிப்ரவரி, மார்ச்சில் ஃபிரிஞ்ச் கலைவிழா வந்துவிட்டால் நள்ளிரவிலும் நகரத்தில் நடக்க இடமிருக்காது.

வந்த வாரமே ஆம்புலன்ஸ் காப்பீடு எடுத்துவிடுங்கள். அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அந்தச் செலவை ஏற்காது. ஒருமுறை அவசரமாக அழைத்தால் 1,000 டாலருக்கு மேல் பில் வரும். மெல்பர்னிலிருந்து காரில் வந்தால் பழங்களை எல்லைக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள். பழ ஈ நோய்த்தடுப்புச் சோதனை உண்டு, அபராதமும் உண்டு. இந்தியாவுக்கு போன் பேச நேர வித்தியாசம் இங்கத்திய கோடையில் 5 மணி நேரம், குளிர்காலத்தில் 4 மணி நேரம்.