டிசம்பரில் டேபிள் மவுண்டனைச் சுற்றிப் பறக்கலாமா?

கேள்வி: நான் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். டிசம்பரில் நாகர்கோவிலிலிருந்து அப்பாவும் (72) அம்மாவும் (66) வருகிறார்கள். தைப்பூசக் காவடி பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். நடுவில் நாலு நாள் கேப் டவுன் போகிறோம். சின்ன விமானத்தில் டேபிள் மவுண்டனைச் சுற்றிக் காட்ட ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு பஸ்ஸிலேயே குமட்டும். நானும் மனைவியும் சேர்ந்து நாலு பேர். விமானமா, ஹெலிகாப்டரா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் விமானமா ஹெலிகாப்டரா என்பதற்கு முன்னால் காற்றைப் பற்றிப் பேசிவிடுவோம். டிசம்பரில் கேப் டவுனில் தென்கிழக்குக் காற்றுதான் ராஜா. ஃபால்ஸ் பே விரிகுடாப் பக்கமிருந்து வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. மலை விளிம்பில் வெள்ளையாக வழிந்து தொங்குமே, ஊர்க்காரர்கள் மேசை விரிப்பு என்பார்களே, அது இந்த மேகம்தான். நகரத்துப் பக்கம் இறங்க இறங்கக் காற்று சூடாகி, மேகம் கரைந்துபோகும். கீழே நின்று பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மேகம் கரைந்து தெளிவாகத் தெரிகிற அந்தப் பக்கத்தில்தான் காற்று கீழே பாய்ந்து சுழலும். அனுபவமுள்ள பைலட் அன்றைக்கு அங்கே நெருங்கமாட்டார், அல்லது பயணத்தையே ரத்து செய்வார். ரத்து செய்கிற நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

உங்களுக்குச் செலவில்லாத ஓர் அளவுகோல் இருக்கிறது. 1929 முதல் ஓடும் மலையின் கேபிள் காரைப் பலத்த காற்றில் நிறுத்திவிடுவார்கள். அதன் மேல் நிலையம் 1,067 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றால் இன்று கேபிள் கார் இல்லை என்று காலையில் தெரிந்தால், பறக்கலாம் என்று யார் சொன்னாலும் அம்மாவை அன்றைக்கு ஏற்றாதீர்கள்.

ஆகவே கேப் டவுன் சேர்ந்த மறுநாள் காலைக்கே பதிவு செய்யுங்கள். அன்று காற்று கெடுத்தால் மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தால் மாற்ற நாளே இருக்காது, இந்தக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடிப்பதும் உண்டு. வானிலையால் ரத்தானால் பணம் முழுவதும் திரும்புமா, அல்லது வேறு தேதிதான் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலையில் போனால் ஒரு நஷ்டம் உண்டு. கேம்ப்ஸ் பே கடற்கரைக்கு மேலே நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் முகடுகள் மேற்குப் பார்த்தவை, அதனால் காலையில் நிழலில் கிடக்கும். படம் எடுக்க வருபவர்கள் மாலை வெயிலைக் கேட்பது அதற்காகத்தான். பிற்பகலிலோ காற்று வலுக்கும். அம்மாவின் வயிற்றை நினைத்தால் காலைதான் சரி. எப்படியும் நகரத்தைப் பார்த்த முகம் வடக்கு நோக்கியது. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால் அதற்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

அப்பாவின் முழங்காலுக்கு வருவோம். இறக்கை மேலே இருக்கும் செஸ்னா வகையில் இரண்டு பக்கமும் கதவு உண்டு, காலடிப் படியில் ஏறி உட்காரலாம். இறக்கை கீழே இருக்கும் பைப்பர் வகையில் பலவற்றுக்கு ஒரே கதவு. இறக்கை மேல் ஏறி, குனிந்து உள்ளே போக வேண்டும். அப்பாவுக்கு அது பாடு. தவிர, கீழே பார்க்கும்போது இறக்கை மறைக்கும். பதிவு செய்யும்போதே செஸ்னா என்று கேளுங்கள். முன் இருக்கையை அம்மாவுக்குக் கொடுங்கள், தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் குமட்டல் குறையும். வெறும் வயிறும் வேண்டாம், தோசையை மூக்குமுட்டச் சாப்பிடவும் வேண்டாம். குமட்டல் மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். உயரத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மலை உச்சியே 1,086 மீட்டர்தான், கொடைக்கானலில் பாதி. ஆனால் சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், இறங்கும்போது காது வலி உயிரை எடுத்துவிடும்.

இன்னொரு சிக்கல், நீங்கள் நாலு பேர். செஸ்னா 172-இல் பைலட்டோடு சேர்த்தே நாலு இருக்கைதான். அதன் புதிய மாடல் சுமார் 400 கிலோ சுமக்கும். டாங்க் நிறைய எரிபொருள் போட்டால் அதில் 145 கிலோ போய்விடும், பைலட் போக மூன்று பேருக்கு மிஞ்சுவது 170 கிலோ சொச்சம். அதனால்தான் உங்கள் எடையைக் கேட்கிறார்கள், எரிபொருளைக் குறைத்துப் போடுகிறார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். நாலு பேரும் சேர்ந்தே போக ஆறு இருக்கை செஸ்னா 206 கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு நடை.

நண்பரின் நண்பர் சொந்த விமானத்தில் பாதி விலைக்குக் கூட்டிப்போகிறார் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தனியார் பைலட் உரிமம் வைத்திருப்பவர் காசுக்குப் பயணிகளை ஏற்றக்கூடாது. தென்னாப்பிரிக்க சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தந்த, விமானச் சேவை நடத்துவதற்கான சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முறையாக நடத்துபவர் தயங்காமல் காட்டுவார். உங்கள் பயணக் காப்பீடு இந்த மாதிரிப் பயணத்தை விலக்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஹெலிகாப்டர். துறைமுகத்தை ஒட்டிய வாட்டர்ஃப்ரண்டிலிருந்தே கிளம்பும், பதினைந்து நிமிடத்துக்குள் முடிகிற சுற்றும் உண்டு. தீபகற்பத்தின் தென்கோடியில் இருக்கும் கேப் பாயிண்ட் முனையை அப்பா பார்க்க ஆசைப்பட்டால் விமானம்தான் கட்டுபடியாகும். அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் சந்திப்பது அங்கேதான் என்று யாராவது அவரிடம் சொல்லக்கூடும். அதிகாரபூர்வ எல்லை இன்னும் கிழக்கே, அகுல்ஹாஸ் முனையில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரை ஏமாற்ற முடியாது, அவரே கேட்டுவிடுவார். ஆனால் அம்மாவுக்கு பஸ்ஸிலேயே குமட்டும் என்கிறீர்கள். என் யோசனை: அம்மாவும் உங்கள் மனைவியும் குறுகிய ஹெலிகாப்டர் சுற்று, நீங்களும் அப்பாவும் கேப் பாயிண்ட் வரை செஸ்னா. எடைப் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்துவிடும்.