பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடலாம், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கேள்வி: மகள் கல்லூரியில் சேர்ந்தபோது 2018-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 எட்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இப்போது பள்ளி வேலைக்கு நான் வைத்திருக்கிறேன். ஆன் செய்துவிட்டுப் பால் காய்ச்சி முடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் கடையில் 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒரிஜினல் விண்டோஸ் 11, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்களாம். மாற்றலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா? உள்ளே இருக்கும் போட்டோக்கள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. - ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: மாற்றுங்கள். புதிது வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பேக்கேஜ் வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம்.

கோளாறு ஹார்ட் டிஸ்க்கில்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணக்குப் போடும் சிப்பான சிபியு சும்மா உட்கார்ந்திருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் சந்தேகமே இல்லை. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை, சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தகவலை எடுக்கிறது. ஒரு பெரிய வீடியோவை வரிசையாகப் படிப்பதென்றால் அதற்குச் சிரமமில்லை. விண்டோஸ் திறப்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை மூலைக்கு ஒன்றாகப் பொறுக்கும் வேலை. விநாடிக்கு நூறு சொச்சம் முறைக்கு மேல் அந்த முனையால் இடம் மாற முடியாது. எஸ்எஸ்டி தகவலைச் சிப்பில் வைக்கிறது, அதில் நகரும் பாகமே கிடையாது, அதனால் அது ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரும். நீங்கள் பால் காய்ச்சி முடித்தும் தீராத காத்திருப்பு அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

எந்த எஸ்எஸ்டி? உங்களுக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். பழைய டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே கனெக்டரில் உட்காரும். கடைக்காரர் ‘என்விஎம்இ போடுங்க மேடம், 3500 எம்பி ஸ்பீடு’ என்பார். அது இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை. சாட்டா விநாடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும் என்பது உண்மைதான். வினாத்தாள் அடிக்கவும் மதிப்பெண் ஏற்றவும் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. உள்ளே எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்து, அது என்விஎம்இயை ஏற்கும் என்று உங்கள் மாடல் எண்ணை வைத்து அவர் உறுதியாகச் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். சில ஸ்லாட்டுகள் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும்.

256 வேண்டாம், 500 ஜிபி வாங்குங்கள். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப மந்தமாகும். 500 என்று எழுதியிருப்பது விண்டோஸில் 465 என்று காட்டும். அது ஏமாற்று இல்லை, எஸ்எஸ்டி கம்பெனியும் விண்டோஸும் ஜிபியை வேறு வேறு கணக்கில் எண்ணுகின்றன, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் லேப்டாப்பின் வயது அப்படி. 2018, 2019-இல் வந்த சில மாடல்களில் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கோடு 16 ஜிபி ‘ஆப்டேன்’ என்ற சின்ன அட்டை ஒன்றையும் சேர்த்து விற்றார்கள். கீபோர்டுக்குக் கீழே உள்ள ஸ்டிக்கரில் ஐ5 என்பதை அடுத்து ஒரு பிளஸ் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம். நாலும் பதினாறும் சேர்த்து 20 ஜிபி மெமரி என்று அன்றைக்கு விளம்பரமே செய்தார்கள். அது ரேம் அல்ல. அடிக்கடி எடுக்கும் ஃபைல்களை ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமாக எடுத்துக் கொடுக்கும் உதவியாள், அவ்வளவே. சிக்கல் என்னவென்றால், அந்த அட்டையும் ஹார்ட் டிஸ்க்கும் ஜோடியாகப் பூட்டப்பட்டிருக்கும். ஜோடியைப் பிரிக்காமல் டிஸ்க்கை மட்டும் உருவினால் அது தனியாகத் திறக்காமல் போகலாம், போட்டோக்களுக்கும் ஆபத்து. கழற்றுவதற்கு முன்பு, லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்டெல்லின் ஆப்டேன் மென்பொருளைத் திறந்து டிஸேபிள் கொடுத்து, ரீஸ்டார்ட் ஆகி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். இதைச் செய்துவிட்டீர்களா என்று ஃபிட்டிங் செய்பவரிடம் கேளுங்கள், விழித்தால் அங்கே கொடுக்காதீர்கள். 2022-இல் இன்டெல் ஆப்டேன் தொழிலையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. வாங்கியவர்களுக்கு இதைப் பிரிப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்தது நான் சளைக்காமல் எச்சரிக்கும் விஷயம், பேக்கேஜ். அதில் என்ன பிராண்ட் எஸ்எஸ்டி என்று கேட்டீர்களா? ‘நல்ல கம்பெனிதான்’ என்றால் அது கம்பெனியே இல்லை. பேர் தெரியாத எஸ்எஸ்டிகளிலும், பெயர்பெற்ற பிராண்டின் அட்டைப்பெட்டியில் வரும் போலிகளிலும், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் துடைத்த சரக்கு கலந்திருக்கிறது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்பவை இன்னும் மோசம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள், உண்மையான இடம் நிரம்பியதும் அடுத்து வைக்கும் ஃபைல் எல்லாம் காணாமல் போகும். எஸ்எஸ்டியை நீங்களே தனியாக வாங்குங்கள். ஃபிட்டிங்குக்கு மட்டும் கடைக்காரருக்குக் கூலி கொடுங்கள், அவர் உழைப்புக்கு அது நியாயம்.

திண்டுக்கல்லில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் பில் கேளுங்கள். ‘பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும், எதுக்கு மேடம்’ என்ற பாட்டு வரும். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தால் மூன்று வருட, ஐந்து வருட வாரண்டி போயிற்று. பில்லில் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். மாட்டியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டச் சொல்லி, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். புதிய எஸ்எஸ்டியில் அது பூஜ்யமோ ஒன்றிரண்டோதான் இருக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் அங்கே எதை வைத்துப் பேசுவீர்கள்?

‘ஒரிஜினல் விண்டோஸ் 11’ என்று பணம் கேட்பது எனக்கு எரிச்சல் தரும் வியாபாரம். உங்கள் லேப்டாப் விண்டோஸோடு வந்திருந்தால், அதன் உரிமம் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டோடு ஒட்டியது. டிஸ்க்கை மாற்றி, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிய விண்டோஸை 8 ஜிபி பென் டிரைவ் வழியாகப் போட்டு, நெட்டோடு இணைத்தால் அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் பல நேரம் போடுவது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டும் திருட்டு ஆக்டிவேட்டர். அதே லேப்டாப்பில்தான் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டும் அடிப்பீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை என்பதால் உங்களுக்கு 11 கிடைக்கும். ஒரு வருடம் முன்னால் ஏழாம் தலைமுறை வாங்கியவர்கள், நன்றாக ஓடும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். மெஷினில் ஒரு குறையும் இல்லை, விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் பெயர் இல்லை. இதைச் செய்துவிட்டு மின்கழிவைக் குறைப்போம் என்றும் மைக்ரோசாஃப்ட் பேசுகிறது.

போட்டோக்களுக்கு வருவோம். வேலை தொடங்குவதற்கு முந்தின நாளே அவற்றை ஒரு வெளி டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். அதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பழைய டிஸ்க்கை மஞ்சளில் ‘காஷன்’ என்று காட்டினாலோ, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, வேறு எதையும் தொடாமல் முதலில் போட்டோக்களை எடுங்கள். பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்து தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடக் குப்பையும் கூடவே வரும். சுத்தமாகப் புதிதாகப் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 48 இலக்க ரெகவரி கீ இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பழைய டிஸ்க்கைப் பிட்லாக்கர் என்ற பாதுகாப்பால் பூட்டி வைத்திருந்தால், பிறகு அந்தக் கீ இல்லாமல் திறக்காது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஏன் கொடுக்கக் கூடாது என்கிறேன்? கடைக்காரர் ஃபார்மேட் செய்து காட்டுவார். சாதாரணமாகச் செய்யும் குவிக் ஃபார்மேட்டில் ஃபைல்களின் பட்டியல்தான் அழியும், ஃபைல்கள் அப்படியே கிடக்கும். இலவச மென்பொருளிலேயே மீட்டுவிடலாம். ஆதார் நகல், மகளின் சான்றிதழ்கள், மாணவர் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். அவர்கள் கழிக்கும் சில நூறு ரூபாய்க்கு அது போக வேண்டாம். ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி டிஸ்க்கை அதில் போட்டால் உங்களுக்கே இன்னொரு பேக்கப் டிரைவ் ஆயிற்று. இன்னொன்று: எஸ்எஸ்டி போகும்போது பெரும்பாலும் சொல்லாமல் போகும், அழித்த ஃபைலையும் அதிலிருந்து மீட்பது கிட்டத்தட்ட முடியாது. அதனால் அந்தப் பழைய டிஸ்க் உங்களுக்குத் தேவைப்படும்.

மூடியைத் திறந்த கையோடு ரேமையும் 8 ஜிபி ஆக்கிவிடுங்கள். 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று காட்டும். அப்புறம் பேட்டரியை ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். டச்பேட் லேசாக மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் எஸ்எஸ்டி அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம், அந்த லேப்டாப்பை இனி சார்ஜில் போடாமல் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.